பஞ்சு சிஸ்டர் பூட்டிய கம்ப்யூட்டர்

பொத்தானை அமுக்கினாள். பேச்சு மூச்சில்லை.

இன்னொரு தடவை அமுக்கினாள். கறுப்புப் பெட்டி உம்மென்று உட்கார்ந்திருந்தது. விசிறி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை, உள்ளே ஒரு சின்ன முனகல்கூட இல்லை. ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பிகூட நிம்மதியாகக் குடிக்காமல் பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டர். அதற்குக் கொஞ்சமாவது நன்றி விசுவாசம் இருக்க வேண்டாமா?

“அமுக்கினியா?” என்றார் கணவர், நாற்காலியில் இருந்தபடியே.

“அமுக்கினேங்க.”

“நல்லா அமுக்கினியா?”

“இதுக்கு மேல அமுக்கினா பொத்தான் உள்ள போயிடும்.”

அவர் பெட்டியையே பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்பது மாதமாக மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை அது. இந்த இரண்டு வாரமாகத்தான் கொஞ்சம் கீழே இறங்கி வந்திருந்தது.

அவர் கட்டட வரைபடம் போடுகிறவர். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். பேச்சு திரும்பிவிட்டது, இருந்ததைவிடக் கூடுதலாகவே திரும்பிவிட்டது என்பது மனைவியின் அபிப்பிராயம். கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கைதான் வரவில்லை. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளாக மடியிலேயே கிடந்தது. ஆபீஸில் கொஞ்ச காலம் அவர் நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார்கள். பிறகு அதில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

போன மாதம் ஒரு மதியம் அவள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தபோது, அவர் சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய மவுஸை வைத்து இடது கையால் அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். மவுஸின் ஒயர் மேஜைக்குக் கீழே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரும் இல்லை, திரையும் இல்லை. மனுஷனுக்கு மூளையும் போய்விட்டதோ என்று அவள் பயந்துபோனாள்.

“என்னங்க பண்றீங்க?”

“கோடு போடுறேன்,” என்றார். “இடது கை கோணல்மாணலாப் போகுது. பழக்கிட்டு இருக்கேன்.”

அவள் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே வராமல் அழுதாள். அன்றைக்கே கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவு செய்தாள். முழுசாகப் பூட்டியதை வாங்க வேண்டாம், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டலாம், செலவும் குறையும் என்றார் அவர். ஆபீஸில் இருந்த அத்தனை கம்ப்யூட்டரையும் பூட்டியவர் அவர்தான். எந்தப் போர்டு, எந்தப் பவர் சப்ளை என்று போனில் தேடித் தேடிப் பேசியபோது அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. அந்த முதுகுக்காகவே எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

நேற்றுப் பழைய ஆபீஸ் இன்ஜினியர் போன் செய்தார். ஒரு மாடி வீட்டுப் படிக்கட்டை மாற்றி வரைய வேண்டும். “நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. சரியா வந்துச்சுன்னா தொடர்ந்து வேலை தர்றேன். முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளு இருக்கு.” முடியும் என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் அப்போது எட்டு அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஆக, இன்று காலை அவர் வாயும் அவள் கையும் சேர்ந்து பூட்டியதுதான் இந்தப் பெட்டி. பிராசஸரைக் கடையிலேயே போர்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மென்பொருள் ஏற்றிய டிஸ்க்கை அவள் தம்பி கொடுத்துவிட்டான். மிச்சமெல்லாம் அவள் வேலை. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் சொருகினாள். அவள் கைக்கு என்ன குறைச்சல்? பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். குறைமாதத்தில் பிறந்து உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பிள்ளைகளின் நூல் நரம்பில் ஊசி ஏற்றுகிற கை. அவள் ஏற்றினால் பிள்ளை சிணுங்கக்கூடச் செய்யாது. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரைக்கும் அங்கே எல்லோருக்கும் அவள் ‘பஞ்சு சிஸ்டர்’தான்.

“சுவத்துல சுவிட்சு?” என்றார்.

“போட்டாச்சு.”

“பெட்டிக்குப் பின்னாடி ஒரு சுவிட்சு இருக்கும்.”

“அதுவும் போட்டாச்சு.”

“பிளக் பாயின்ட்டுல கரன்ட் வருதா பாரு.”

போன் சார்ஜரைச் சொருகிப் பார்த்தாள். வந்தது. பெட்டியின் ஒயரைப் பிடுங்கித் திரையில் மாட்டிப் பார்த்தாள். திரையில் மஞ்சள் பொட்டு எரிந்தது. கரன்ட்டின் மேல் குற்றமில்லை.

அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டாள். அவனுக்கு வீட்டில் வைத்த பேர் அவசரம். பிறந்ததே ஆஸ்பத்திரி வாசலில் என்பதால் வந்த பேர், இன்றுவரை பொருத்தமாகவே இருக்கிறது.

“அக்கா, ஓடுதா?”

“ஓடலைடா.”

“சுவிட்சு போட்டியா?”

“போட்டேன்.”

“மாமாகிட்ட குடு. மாமா, சுவிட்சு போட்டாளா?”

“டேய், நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

“இல்லக்கா, நிறையப் பேரு அதைத்தான் மறந்துடுவாங்க. சரி விடு, நான் வந்து தூக்கிட்டுப் போறேன். கடையில குடுத்தா நாளைக்கு மறுநாள் குடுத்துடுவாங்க.”

‘நாளைக்கு மறுநாள்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் முகம் சுருங்கியது. “வேணாம்னு சொல்லு,” என்றார். அவள் சொன்னாள். போனை வைத்தாள்.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திரும்பவும் கழற்றினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார். அவள் அவரையும் சேர்த்தே மெதுவாக நகர்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, சுருண்ட கையை எடுத்து மடியில் சரியாக வைத்தாள். அவர் பொறுத்துக்கொண்டார்.

“முன்பக்கப் பொத்தான் ஒயர் போர்டுல ரெண்டு பின்னுல நிக்கும். அதை எடுத்துட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால அந்த ரெண்டு பின்னையும் சேர்த்துத் தொடு. பொத்தான் கெட்டிருந்தா இப்ப ஓடிடும்.”

தொட்டாள். ஓடவில்லை.

“அப்ப பவர் சப்ளை செத்திருக்கும்,” என்றார். குரல் இறங்கிவிட்டது. செத்திருந்தால் மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால் கடை, வரிசை, ரசீது, நாளைக்கு மறுநாள். படிக்கட்டு வேறு ஆளுக்குப் போய்விடும்.

“அதைப் பாக்க வழி இருக்கா?”

“இருக்கு. பயப்படக் கூடாது. மெயின் பிளக்கைப் பிடுங்கிடு. போர்டுக்கு வர்ற பட்டையான பெரிய பிளக் இருக்கு பாரு, அதை உருவி வெளிய எடு. அதுல பச்சை ஒயர் ஓட்டையையும் பக்கத்துக் கறுப்பு ஒயர் ஓட்டையையும் ஒரு ஜெம் கிளிப்பால இணைச்சுட்டு, மறுபடி கரன்ட் குடு. பவர் சப்ளை நல்லா இருந்தா அதோட விசிறி தனியாச் சுத்தும்.”

பிளக்கை இரண்டு விரலால் பிடித்தாள். பூப் பறிக்கிற மாதிரி வந்துவிட்டது. ஜெம் கிளிப்பை வளைத்துச் சொருகினாள். எட்ட நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சுவிட்சைப் போட்டாள்.

விர்ரென்று விசிறி சுற்றியது.

“சுத்துதுங்க! உயிரோட இருக்கு!” என்று கத்தினாள். யாரோ பிழைத்துக்கொண்ட சந்தோஷம்.

அவர் சந்தோஷப்படவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவள் கையையே பார்த்தார்.

“அந்தப் பிளக்கை எப்படி எடுத்தே?”

“உருவினேன்.”

“கொக்கியை அமுக்கிட்டுத்தானே?”

“எந்தக் கொக்கி?”

“பக்கவாட்டுல ஒரு கொக்கி இருக்கு பாரு. போர்டுல மாட்டிக்கிட்டா அதை அமுக்காம யாராலயும் பிடுங்க முடியாது.” கொஞ்சம் நிறுத்தினார். “அது மாட்டவே இல்ல. பாதிதான் போயிருக்கு. அதான் கம்ப்யூட்டர் ஓடலை.”

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவுதானா! எதுவும் சாகவில்லை, எதையும் மாற்ற வேண்டாம், ஒரு அமுக்கு அமுக்கினால் தீர்ந்தது. கரன்ட்டைப் பிடுங்கிவிட்டு, ஜெம் கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக்கைப் போர்டில் வைத்து அமுக்கினாள். கொஞ்ச தூரம் போனது. நின்றது.

“இன்னும்.”

அமுக்கினாள். பச்சைப் போர்டு லேசாக வளைந்தது. எங்கேயோ கிரீச் என்று ஒரு சத்தம். கையை எடுத்துவிட்டாள்.

“ஏன் எடுத்தே?”

“வளையுதுங்க. உடைஞ்சுடும்.”

“உடையாது. அப்படித்தான் வளையும். அமுக்கு.”

மறுபடி வைத்தாள். அதே இடம். அதற்கு மேல் கை போகமாட்டேன் என்றது. பொய் சொல்லவில்லை, அவள் மனதார அமுக்கத்தான் பார்த்தாள். கைதான் தானாக நின்றது. வார்டில் முதல் நாள் கற்றது அது: தடுத்தால் நிறுத்து. ஊசியோ குழாயோ, உள்ளே போகும்போது இம்மியளவு தடுத்தாலும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தத் தெரியாத கையால் பிள்ளைகள் செத்திருக்கின்றன. இத்தனை வருஷத்தில் அந்தப் பாடம் மூளையை விட்டு விரலுக்கு இறங்கிவிட்டது. இப்போது அதைக் கூப்பிட்டு, இது பிள்ளை இல்லை பிளாஸ்டிக் என்றால் விரல் கேட்குமா?

“அமுக்குன்னு சொல்றேன்ல!”

“அமுக்கிட்டுத்தாங்க இருக்கேன்!”

“நீ தடவிட்டு இருக்கே!”

“கத்தாதீங்க. பிரஷர் ஏறும்.”

“ஏறட்டும்! தள்ளு, நான் பாக்குறேன்.” நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தார்.

“உக்காருங்க, விழுந்துடுவீங்க.” அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். மெதுவாகத்தான். எப்போதும்போல் மெதுவாக.

அந்த மெதுதான் அவரைக் கிளப்பிவிட்டது.

“என்னையும் இதே மாதிரிதான் பண்ணிட்டே,” என்றார்.

“என்ன பண்ணேன்?”

“பிசியோதெரபிப் பொண்ணு என்ன சொல்லிச்சு? விரலை நிமித்தும்போது தடுக்கும், வலிக்கும், அங்க விட்டுடாதீங்க, கொஞ்சம் தாண்டிப் போயி பிடிச்சு வைங்கன்னு சொல்லிச்சுல்ல? நீதானே, நானே நர்ஸுதான், வீட்லயே பாத்துக்கறேன்னு அதை நிறுத்தினே? தினம் பண்றே, நான் இல்லைங்கலை. ஆனா நான் ‘ஆ’ன்னா விட்டுடறே. ஒரு நாளாவது தாண்டினியா? ஒன்பது மாசமா என் கையையும் பாதியிலேயேதான் விட்டு வச்சிருக்கே.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

சொன்ன மறுநொடியே அவருக்கும் சுருக்கென்றது. ராத்திரியெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, பகலில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தன் காலைப் பிடித்து விட்டவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் வந்துவிட்டது. அதைவிட மோசம், அது பொய்யாகவும் இல்லை.

அவள் பிளக்கைப் பார்த்தபடி நின்றாள். தினமும் காலையில் அந்தக் கையை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, எண்ணெய் தடவி, விரல் விரலாக நிமிர்த்தியதெல்லாம் வரிசையாக வந்து போனது. இதே இடம். இதே தடுப்பு. ‘ஆ’ என்பார், விடுவாள், நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவாள். அன்பென்று நினைத்துக்கொண்டிருந்தாள். அன்புதான், யார் இல்லை என்றார்கள்? அந்த அன்பில் விரல் சுருண்டே போய்விட்டது.

“நீங்க சொல்லியிருக்கலாம்ல,” என்றாள் கடைசியில்.

“எப்படிச் சொல்லுவேன்? நீ விட்டதும் எனக்கும் நிம்மதியாத்தானே இருந்துச்சு.” தலையைக் குனிந்துகொண்டார். “பாதி நாளு வலிக்கிறதுக்கு முன்னாடியே ‘ஆ’ன்னுருக்கேன்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பு வருகிற இடம் இல்லை, இருந்தாலும் கொஞ்சம் வந்தது.

“எந்திரிங்க,” என்றாள்.

“விழுந்துடுவேன்னே?”

“விழுந்தா நர்ஸு இருக்கேன். எந்திரிங்க.”

அவர் எழுந்தார். கால் ஒருமுறை நடுங்கியது. அவள் தூக்கவில்லை, பின்னால் மட்டும் நின்றுகொண்டாள். இடது கையின் கட்டை விரலைப் பிளக்கின் மேல் வைத்து, தோளையும் உடம்பையும் சேர்த்து இறக்கினார். போர்டு வளைந்தது. கிரீச்சென்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடாமல் பார்த்தாள். டக் என்று கொக்கி விழுந்தது. அதே வேகத்தில் பிராசஸர் பக்கத்தில் இருந்த சின்னப் பிளக்கையும் ஒரு அமுக்கு அமுக்கினார். அதுவும் டக்கென்றது. அதுவும் பாதிதான் போயிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை, சத்தமே சொல்லிவிட்டது.

கரன்ட் கொடுத்துப் பொத்தானை அமுக்கினாள். விசிறிகள் எல்லாம் சுற்றின. நீல விளக்கு எரிந்தது. இருவரும் திரையைப் பார்த்தார்கள். திரை இருட்டாகவே இருந்தது.

“இப்ப என்னங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. “ராம் மெமரியை எப்படிச் சொருகினே?”

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். அதுவும் தடுத்த இடத்தில்தான் நின்றிருந்தது.

“ஆஃப் பண்ணிட்டு வா,” என்றார். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “இது உன்னோடது. ரெண்டு முனையிலயும் கட்டை விரலை வை. தடுக்கும். தடுத்த பிறகுதான் வேலையே ஆரம்பம்.”

விரலை வைத்தாள். நீளமான சன்னப் பலகை. இறங்கியது, தடுத்தது, கை நின்றது. வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. கத்தினால் எடுத்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் விரலிடமே கோபித்துக்கொண்டு, தாண்டினாள்.

டக். டக்.

எதுவும் உடையவில்லை.

திரையில் எழுத்து வந்தபோது அவள் ஓடிப்போய் மவுஸை எடுத்து அவர் வலதுபக்கம் வைத்தாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு இடதுபக்கம் மாற்றினாள். அவர் வரைய உட்கார்ந்தார். முதல் கோடு கோணலாகப் போனது. அழித்தார். இரண்டாவதும் போனது. அவள் உதவிக்குக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டு, உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் விழுந்தாள். தூக்கம் வரவில்லை. மவுஸ் தட்டுகிற சத்தம், பெருமூச்சு, ஒரு கெட்ட வார்த்தை, மறுபடி மவுஸ் என்று மதியம் போனது. அந்தக் கெட்ட வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டே எப்போதோ தூங்கிவிட்டாள்.

எழுந்து வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவர் போனை அவள் முன் நீட்டினார். இன்ஜினியர் எழுதியிருந்தார்: ‘வரைபடம் கிடைத்தது. ஒரு அளவு மட்டும் மாற்ற வேண்டும், போனில் சொல்கிறேன். நாளைக்கு அடுத்ததை அனுப்புகிறேன்.’

அவள் இரண்டு தடவை படித்தாள். தோளைத் தட்டிக்கொடுத்தாள். வழக்கத்தைவிடப் பலமாகத் தட்டிவிட்டாள் போலிருக்கிறது, அவர் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னொரு நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கையைக் குடுங்க.”

இடது கையைக் கொடுத்தார்.

“அது இல்ல.”

அவருக்குப் புரிந்தது. “நாளைக்கு ஆரம்பிக்கலாமே. இன்னிக்கு அலுப்பா இருக்கு. நீயும் ராத்திரி முழுக்க…”

“தூக்கம் வராம படுத்திருந்தப்பவே பிசியோப் பொண்ணுக்குப் போன் பண்ணிட்டேன். அடுத்த வாரத்துலேர்ந்து வரும். இவ்வளவு நாளு விட்டா நேரமாகும், ஆனா வரும்னு சொல்லிச்சு. எவ்வளவு தூரம் போகலாம்னு கேட்டு வச்சிருக்கேன். அதுவரைக்கும் நான்.”

சுருண்ட கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்தாள். சுட்டு விரலை நிமிர்த்தினாள். வழக்கமான இடம் வந்ததும் வழக்கமாக நின்றது அவள் கை.

“ஆ,” என்றார்.

அவள் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இது நிஜ ‘ஆ’வா, அந்த ‘ஆ’வா?”

அவர் எச்சிலை விழுங்கினார். “அந்த ‘ஆ’.”

“சரி,” என்றாள். தாண்டினாள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நிஜம். கத்தினார். அவளைத் திட்டினார், அவள் தம்பி அவசரத்தைத் திட்டினார், இரக்கமில்லாத ஆஸ்பத்திரிக்காரர்கள் மொத்தப் பேரையும் ஒரு பாட்டம் திட்டினார். “திட்டுங்க, நல்லாத் திட்டுங்க,” என்றாள் அவள். அவளுக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் அவர் விரலைப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து, “என்னாச்சு?” என்று ஒரு குரல் கேட்டது. “ஒண்ணுமில்லைங்க, வைத்தியம்!” என்று வலியோடு வலியாக அவரே பதில் சொன்னார்.

நான்கு விரலும் ஒரு மாதிரியாக நிமிர்ந்தன. அவள் பிடியைத் தளர்த்தாமல் குனிந்து பார்த்தாள். அவருடைய உள்ளங்கை. தினமும் துடைத்த கைதான். பாதி திறந்த வரைக்கும்தான் பார்த்திருக்கிறாள். நடுவில் நகம் பதிந்து பதிந்து நான்கு தடம் இருந்தது.

“என்ன பாக்குறே?” என்றார் மூச்சு வாங்க.

“ஒண்ணுமில்ல,” என்றாள். “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

விடவில்லை.